நாற்பது அடி வெயில்: ஆட்டிசமும் சிங்கப்பூர் வெப்பமும்

என் மகன் படித்த முதல் பள்ளியின் வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம்வரை கூரையிட்ட நடைபாதை உண்டு. வண்டிகள் உள்ளே திரும்பும் ஓரிடத்தில் மட்டும் கூரை விட்டுப்போயிருக்கும். என் கால் அளவில் நாற்பது அடி. பள்ளி விட்டதும் தினமும் அவன் அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுவான். நிழல் முடிந்து வெயில் தொடங்கும் கோட்டுக்கு ஒரு சாண் இந்தப் பக்கம், முதுகில் பையோடு, இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு. ஆறு வயது. அப்போது அவனிடம் பத்துப் பதினைந்து சொற்கள்தான் இருந்தன.

அடம் என்றுதான் நினைத்தேன். மற்ற பிள்ளைகளெல்லாம் தாண்டி ஓடுகிறார்கள், இவனுக்கு மட்டும் என்ன? இந்த ஊரிலேயே பிறந்தவனுக்கு வெயில் புதிதா? மாமியாரிடம் சொன்னால், "வெயில்ல விட்டாத்தாம்மா ஒடம்பு பழகும். நீ குடையப் புடிச்சுப் புடிச்சே கெடுத்து வச்சிருக்க" என்பார். கையைப் பிடித்து இழுத்திருக்கிறேன். தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். அவன் திமிறியதில் தலை என் தாடையில் மோதி உதடு கிழிந்த நாளும் உண்டு.

அந்த வருடக் கடைசியில் அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டைப் பார்த்தோம். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "மேகமூட்டமா இருக்கிற நாள்லயும் உக்கார்றானா?" வீட்டுக்கு வந்து நாள் நாளாக நினைத்துப் பார்த்தேன். மேகம் மூடிய நாளில் அவன் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. நாற்பது அடியை நடந்து கடந்திருக்கிறான். நான்தான் அதைக் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு இந்த ஏழெட்டு வருடத்தில் படித்தும் மருத்துவர்களிடம் கேட்டும் மற்றப் பெற்றோர்களோடு பேசியும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். முக்கியமாக அந்த 'பழகிடும்' என்ற சொல்லைப் பற்றி எழுதவேண்டும். நம் வீடுகளில் வெயிலைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் அந்தச் சொல்லில்தான் வந்து முடிகிறது. அதில் பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் ஆட்டிசம் உள்ள பிள்ளை மாட்டிக்கொள்கிறது.

ஆட்டிசம் என்றதும் பேச்சுத் தாமதம், கண்ணைப் பார்க்காதது, ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வது ஆகியவைதான் நினைவுக்கு வரும். 1943இல் லியோ கேனர் முதன்முதலாக 11 பிள்ளைகளைப் பற்றி எழுதியபோதே பெரிய சத்தங்கள் அவர்களைக் கலங்கடித்ததைக் குறித்திருக்கிறார். ஆனாலும் புலன் உணர்வு வேறுபாடு நோய்கண்டறியும் அளவுகோலுக்குள் ஒரு தனி அடையாளமாக ஏறியது 2013இல், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேட்டில்தான். அங்கே கொடுக்கப்பட்டுள்ள எடுத்துக்காட்டுகளில் முதலாவதே, வலியையும் வெப்பதட்பத்தையும் பொருட்படுத்தாததுபோல் தோன்றுவது. சத்தமும் துணியின் உறுத்தலும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. வெப்பம் ஆட்டிசத்தின் வரையறைக்குள்ளேயே இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. என்னைப் போன்ற பல பெற்றோருக்கும் இது தெரியாது.

முதலில் உடம்பு சூட்டைச் சமாளிக்கும் விதம். உள்ளுடலின் வெப்பத்தை 37 டிகிரி செல்சியஸ் அளவில் காப்பது மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ். சூடு ஏறினால் அது தோலின் இரத்தக் குழாய்களை விரிக்கும், வியர்வையைத் திறந்துவிடும். வியர்வை வழிவதால் உடம்பு குளிர்வதில்லை, அது ஆவியாவதால்தான் குளிர்கிறது. இங்கேதான் சிங்கப்பூரின் சிக்கல். ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். விடிவதற்குச் சற்று முன் 90ஐத் தாண்டும், மழையில்லாத பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். சென்னையில் மே மாதம் வெயில் 40ஐத் தொடும், இங்கே வரலாற்றிலேயே அதிகம் பதிவானது 37 டிகிரிதான்: 1983 ஏப்ரலில் தெங்காவிலும், 2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோவிலும். எண்ணைப் பார்த்து "இது ஒரு வெயிலா" என்பவர்கள் நம்மில் நிறையப் பேர். எண் குறைவுதான், வியர்வை காயாமல் சட்டைக்குள்ளேயே தங்கிவிடுகிறதே, அந்த எண்ணில் அது தெரியாது.

இனி பழகுவது. ஒருவர் வெப்பத்துக்குள் நாள்தோறும் உழைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் அவர் உடம்பு மாறும். வியர்வை சீக்கிரமே சுரக்கும், அதில் உப்பு குறையும், இரத்தத்தின் நீர்ப்பங்கு கூடும், இதயத் துடிப்பு தணியும். களத்துமேட்டில் வளர்ந்த என் மாமியாரின் உடம்பு கற்றுக்கொண்டது இதைத்தான். அவர் சொன்னது பொய்யில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளையின் வியர்வைச் சுரப்பியும் இதைக் கற்றுக்கொள்ளும்.

ஆனால் பழகுவதில் இன்னொன்று இருக்கிறது. காலையில் சட்டை போட்ட இரண்டாம் நிமிடம் அது உடம்பில் இருப்பதே நமக்கு மறந்துபோகிறது. துணி தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது, மூளைதான் அந்தச் செய்தியைக் கேட்பதை நிறுத்திவிடுகிறது. உடம்பு பழகுவது வேறு, நரம்பு பழகுவது வேறு. 2015இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தைச் சேர்ந்த ஷூலமைட் கிரீனும் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிள்ளைகளை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, கையில் சொரசொரப்பான கம்பளியைத் தேய்த்தார்கள். காதில் போக்குவரத்து இரைச்சலைப் போட்டார்கள். மற்றப் பிள்ளைகளின் மூளையில் அச்சத்தைக் கையாளும் அமிக்டலா முதலில் விழித்து, பிறகு அடங்கியது. புலன் கூர்மை மிகுந்த ஆட்டிசப் பிள்ளைகளிடம் அது சரியாக அடங்கவில்லை. அந்த ஆய்வில் வெப்பத்தைச் சோதிக்கவில்லை. ஆனால் ஈரச் சட்டைக் கழுத்து ஒட்டிக்கொண்டு, கண் கூசிக்கொண்டு, பேருந்துகள் இரைந்துகொண்டு இருக்கும் ஒரு நிறுத்தத்தில் இருபதாவது நிமிடமும் முதல் நிமிடம்போலவே இருந்தால் எப்படியிருக்கும் என்று எனக்கு அதைப் படித்தபோதுதான் உறைத்தது. நான் அவனைப் பழக்கிக்கொண்டிருக்கவில்லை. தினமும் முதல் தடவையாகத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

வெப்பத்தையே நேராகச் சோதித்த ஆய்வும் உண்டு. 2008இல் கரிஸ்ஸா காசியோ குழுவினர் ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் சிலரின் தோலில் சூட்டையும் குளிர்ச்சியையும் படிப்படியாகக் கூட்டிப் பார்த்தார்கள். இதமான சூடு, இதமான குளிர்ச்சி என்று கண்டுகொள்வதில் மற்றவர்களுக்கும் இவர்களுக்கும் வேறுபாடில்லை. ஆனால் சூடு வலியாக மாறும் எல்லை இவர்களுக்கு முன்னதாகவே வந்துவிட்டது. சிறிய ஆய்வுதான். என்றாலும் வெந்நீர்க் குவளையை நான் சாதாரணமாகப் பிடித்து நீட்ட, அவன் தொட்டதும் கையை உதறும் காட்சிக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

வியர்வையைப் பற்றி ஒரு வியப்பான செய்தி. மனிதத் தோலில் ஈரத்தை உணர்வதற்கென்று தனி ஏற்பி, அதாவது அந்த உணர்வைப் பிடித்து நரம்புக்குச் சொல்லும் அமைப்பு, கிடையாது. சூட்டுக்கு உண்டு, குளிருக்கு உண்டு, அழுத்தத்துக்கு உண்டு. சூட்டையும் தொடுகையையும் உணரும் ஏற்பிகளைக் கண்டுபிடித்ததற்குத்தான் 2021இல் டேவிட் ஜூலியஸுக்கும் ஆர்டெம் படபூட்டியனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஈரம் என்பதோ, குளிர்ச்சியையும் துணி ஒட்டி நகர்வதையும் சேர்த்து மூளை தானே கூட்டிக்கொள்ளும் கணக்கு. தொடு உணர்வும் வெப்ப உணர்வும் வேறு மாதிரி வந்து சேரும் ஒருவருக்கு அந்தக் கூட்டலின் விடையும் வேறாகத்தானே இருக்கும்? என் மகன் வியர்த்துவிட்டால் சட்டையைக் கழற்ற மாட்டான். கழுத்துப்பட்டையைப் பிடித்து உடம்பிலிருந்து தள்ளி இழுத்துக்கொண்டே நிற்பான். இழுத்து இழுத்து அவனுடைய பள்ளிச் சட்டைகள் எல்லாவற்றிலும் முதல் பொத்தானின் காஜா கிழிந்திருக்கும். எல்லாவற்றையும் தைத்தேன். ஏன் எல்லாமே ஒரே இடத்தில் கிழிகிறது என்று கேட்டுக்கொள்ளவில்லை.

வெளிச்சத்துக்கு வருகிறேன். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். வகுப்பறையின் வெளிச்சம் 300 முதல் 500 லக்ஸ் இருக்கும். உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ். வாசலைத் தாண்டும் ஓரடியில் வெளிச்சம் இருநூறு மடங்கு கூடுகிறது. கண்மணி உடனே சுருங்கி அதைச் சமாளிக்கும். 2009இல் மிசௌரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் கண்ணில் ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தபோது, அவர்களுடைய கண்மணி சுருங்கத் தொடங்குவது தாமதமாகவும், சுருங்கும் அளவு குறைவாகவும் இருந்தது. இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொள்வது அந்த இடத்தில் மிகவும் அறிவான செயல்.

நம் ஊரின் கடிகாரமும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. 'பன்னிரண்டு மணி வெயில்' என்பது நம் பேச்சு வழக்கு. சிங்கப்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு இல்லை, ஒரு மணிவாக்கில். 1982 ஜனவரி 1 முதல் மலேசியாவோடு சேர்ந்து கடிகாரத்தை அரைமணி நேரம் முன்னால் தள்ளி, கிரீன்விச் நேரத்துக்கு 8 மணி முன்னே வைத்துக்கொண்டோம். நாம் இருக்கும் இடத்துக்குச் சூரியக் கணக்குப்படி 7 மணிதான் சரியாக வரும். பல தொடக்கப்பள்ளிகள் விடுவது ஒன்றரை மணியை ஒட்டி. பிள்ளை வெளியே கால் வைக்கும்போது சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே. மார்ச்சிலும் செப்டம்பரிலும் நிழலே காலுக்குள் புகுந்துவிடும். புறஊதாக் கதிர் குறியீடு அந்த நேரத்தில் 11ஐத் தொட்டு 'மிகக் கடுமை' என்ற கட்டத்துக்குப் போகும் நாட்கள் இங்கே ஏராளம். பள்ளி நேரம் வேண்டுமென்றே இப்படி அமைந்ததில்லை, ஆனால் பிள்ளையின் கண்ணுக்கு அதுவா தெரியும்?

வெளிச்சம் எவ்வளவு என்பதோடு, அது எப்படி விழுகிறது என்பதும் உண்டு. தூங்குமூஞ்சி மரங்களின் கீழே பேருந்து போகும்போது சன்னலில் வெயிலும் நிழலும் மாறி மாறி வெட்டும். கூரை நடைபாதையின் தூண்கள் தரையில் கோடு கோடாக நிழல் போடும். வீட்டுக்குள்ளும்கூட, விளக்குக்குக் கீழே மேல்விசிறி சுற்றினால் அறை முழுவதும் வெளிச்சம் துடிக்கும். ஒரு பிள்ளை அதையே பார்த்து மகிழும், இன்னொன்று மேசைக்கடியில் போய் ஒளிந்துகொள்ளும். எங்கள் வீட்டில் விளக்கைச் சுவருக்கு மாற்றினோம். அந்த வாரமே இரவுச் சாப்பாட்டுக்கு அவன் மேசையில் உட்கார்ந்தான்.

இதுவரை சொன்னது அதிகமாக உணரும் பிள்ளைகளைப் பற்றி. இதற்கு நேர் எதிரான நிலை இன்னும் ஆபத்தானது. ஒரு தோழியின் மகள், இப்போது பதினேழு வயது, 33 டிகிரியில் முக்காடு வைத்த தடித்த ஹூடி அணிந்துகொண்டு திடலை ஐம்பது சுற்று சுற்றுவாள். தண்ணீர் கேட்க மாட்டாள். முகம் சிவந்து உதடு வெடித்திருக்கும், "சூடா இருக்காம்மா?" என்றால் இல்லை என்பாள். பொய் சொல்லவில்லை. தாகம், பசி, நெஞ்சு படபடப்பு, உள்சூடு எல்லாவற்றையும் உள்ளிருந்து மூளைக்குச் சொல்லும் ஓர் உணர்வு நமக்கு உண்டு. மூளையில் இன்சுலா என்ற மடிப்பு அந்தச் செய்திகளைச் சேர்த்துப் பார்க்கிறது. ஆட்டிசம் உள்ள பலருக்கு அந்தச் செய்தி மங்கலாக வருகிறது, அல்லது எது தாகம் எது பயம் என்று பிரியாமல் வருகிறது.

வெப்பத்தில் உடம்பு செய்வதையும் பயத்தில் உடம்பு செய்வதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டிலும் நெஞ்சு வேகமாக அடிக்கும், வியர்க்கும், முகம் சிவக்கும், மூச்சு வாங்கும். 'இது வெயில்' என்று உள்ளே பெயர் சொல்ல முடியாத பிள்ளைக்கு அது வெறும் ஆபத்தாகத்தான் தெரியும். வெளியே பார்க்கிறவர்களுக்கோ அது 'நடத்தைக் கோளாறு'. பேரங்காடி வாசலிலோ உணவங்காடி நிலையத்திலோ ஒரு பிள்ளை தரையில் புரண்டு கத்தும்போது சுற்றியிருப்பவர்கள் வளர்ப்பைப் பற்றிப் பேசுவார்கள். அந்த நேரத்தில் அங்கே வெப்பம் எவ்வளவு, பிள்ளை கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தது என்று கேட்பவரை நான் இதுவரை ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். அவர் அங்கே மேசை துடைத்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி.

ஹூடியைப் பற்றி ஒன்று. அதைப் பிடுங்காதீர்கள். அதன் கனமும் இறுக்கமும் உடம்பை அமைதிப்படுத்துகின்றன, முக்காடு வெளிச்சத்தை மறைக்கிறது. அதைக் கழற்றினால் வெப்பம் குறையும், ஆனால் இந்த மூன்று ஆறுதலும் போய்விடும். தோழி செய்தது நல்ல வழி: அதே நிறத்தில், அதே வடிவத்தில், மெல்லிய துணியில் ஒன்றைத் தைத்துக் கொடுத்தாள். பழையதையும் எடுத்துவிடவில்லை. நான்கு மாதம் கழித்து அந்தப் பெண் தானாகவே மாறிக்கொண்டாள்.

பெற்றோர்களிடம் நான் அழுத்திச் சொல்வது மருந்தைப் பற்றி. எரிச்சலையும் ஆவேசத்தையும் தணிக்க ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குத் தரப்படும் ரிஸ்பெரிடோன் (அமெரிக்காவில் இதற்கென 2006இல் அனுமதி பெற்றது), அரிப்பிப்ராசோல் (2009) போன்றவை உடம்பு தன் வெப்பத்தைச் சீராக்கும் திறனைக் குறைக்கக்கூடியவை. வலிப்புக்குத் தரப்படும் டோப்பிரமேட் சில பிள்ளைகளுக்கு வியர்வையையே குறைத்துவிடும். ஆட்டிசத்தோடு வலிப்பும் உள்ள பிள்ளைகள் கணிசமான பேர் என்பதால் இது அரிய செய்தி இல்லை. கவனக் குறைவுக்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் போன்ற தூண்டு மருந்துகள் உடல் வெப்பத்தைக் கூட்டலாம், பசியையும் தாகத்தையும் மறக்கடிக்கலாம். பதின்பருவத்தில் முகப்பருவுக்குக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின் தோலை வெயிலுக்குக் கூசவைக்கும், சீக்கிரமே சிவந்து எரியும். எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது வெயிலைவிடக் கெடுதல். அடுத்த முறை மருத்துவரையோ மருந்தாளரையோ பார்க்கும்போது, "இது வியர்வையைக் குறைக்குமா? வெயிலில் கவனமாக இருக்கவேண்டுமா?" என்ற இரண்டு கேள்வியை மட்டும் கேளுங்கள். நான் கேட்க மூன்று வருடம் ஆனது.

காய்ச்சலைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். காய்ச்சல் வந்தால் பிள்ளை அமைதியாகிறது, கூடுதலாகப் பேசுகிறது என்று பெற்றோர் சொல்லிவந்ததை 2007இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு பதிவுசெய்தது. பல பிள்ளைகளிடம் காய்ச்சலின்போது சில நடத்தைகள் தணிந்தன. அது உள்ளே நோய் எதிர்ப்பாற்றலும் மூளையும் பேசிக்கொள்ளும் விஷயம். வெளியே வெயிலில் நிறுத்துவதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

நம் வீட்டுப் பெரியவர்களுக்குச் 'சூடு' என்ற சொல்லின் பொருளே வேறு. பிள்ளை கத்தினால் "ஒடம்பு சூடாயிருச்சு" என்று சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைப்பார்கள். அன்பால்தான் செய்கிறார்கள். ஆனால் பிசுபிசுப்பைத் தாங்காத பிள்ளைக்கு நல்லெண்ணெய் பெரிய வதை. சன்ஸ்க்ரீன் பூசுவதும் அதே கதைதான். அதற்குப் பதிலாக மெல்லிய முழுக்கைச் சட்டையும் அகல விளிம்புத் தொப்பியும் போதும். அதே பெரியவர்கள் தரும் உப்பு போட்ட நீர்மோர் அருமையான மருந்து. நீரும் உப்பும் ஒன்றாகப் போகிறது. என் மகனுக்குக் கறிவேப்பிலை தட்டுப்பட்டால் பிடிக்காது என்று மாமியாரிடம் சொன்னேன். இப்போது வடிகட்டி, அவனுடைய நீலக் குவளையில்தான் தருகிறார். "அத்தை, நீங்க குடுத்தா மட்டும் மிச்சம் வைக்காம குடிக்கிறான்" என்றால் அவருக்கு முகம் கொள்ளாத சிரிப்பு.

கோயிலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வெறுங்காலோடு, நடுப்பகல் வெயில் விழுந்த கல்தரையில், மேளச் சத்தத்தோடும் கற்பூரப் புகையோடும் ஒரு பிரகாரம். சிராங்கூன் சாலைக் கோயில்களில் ஈரக் கம்பளம் விரிப்பார்கள், தண்ணீர் தெளிப்பார்கள். சூடான கல்லிலிருந்து ஈரக் கம்பளத்துக்கும், அதிலிருந்து மறுபடி கல்லுக்கும் மாறுவதே சில பிள்ளைகளுக்குத் தாங்காது. நாங்கள் இப்போது காலை எட்டு மணிக்குள் போய் வந்துவிடுகிறோம். இங்கே ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டித்தான் விடிகிறது, எட்டுக்குக் கல் இன்னும் குளிர்ந்திருக்கும். தைப்பூசத்துக்கும் அப்படித்தான். ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில்வரை மூன்று கிலோமீட்டருக்கும் மேல் நடை. அதிகாலை இருட்டில் நடக்கும் பால்குடங்களோடு சேர்ந்துகொண்டால் தார்ச்சாலை சுடாது. வேண்டுதலை உச்சி வெயிலில்தான் நிறைவேற்றவேண்டும் என்று முருகன் கேட்கவில்லை என்பது என் எண்ணம்.

நகரம் செய்திருப்பதையும் சொல்லவேண்டும். நிலப் போக்குவரத்து ஆணையம் 2013இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் எம்ஆர்டி ரயில் நிலையங்களிலிருந்து 400 மீட்டர் தொலைவுக்குள் பள்ளிகள், வீடுகள், மருந்தகங்களுக்குக் கூரையிட்ட நடைபாதை வந்தது. 2018க்குள் 200 கிலோமீட்டர் சேர்ந்தது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளின் திறந்த கீழ்த்தளம் காற்றோட்டமான நிழல். லிட்டில் இந்தியாவில் கடைவீடுகளின் முன்னால் கூரைக்குக் கீழே ஓடும் ஐந்தடிப் பாதை பழைய காலத்து ஞானம். ஆட்டிசம் உள்ள பிள்ளையோடு நடக்கும்போதுதான் இந்த ஊரை நிழலின் வரைபடமாகப் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

2023 ஜூலையில் பொதுமக்களுக்கான அரசாங்க வெப்ப அழுத்த ஆலோசனை வந்தது. மைஎன்வி செயலியில் பார்க்கலாம். காற்றின் சூட்டோடு ஈரப்பதம், வெயில், காற்றோட்டம் எல்லாவற்றையும் கூட்டிக் கணித்த ஓர் அளவு அது: 31 டிகிரிக்குக் கீழே என்றால் குறைவு, 31 முதல் 33 வரை மிதம், 33க்கு மேல் அதிகம். அந்தப் படிகள் பொதுமக்களுக்காக வகுத்தவை. ஆட்டிசம் உள்ள, மேலே சொன்ன மருந்துகளை எடுக்கும் பிள்ளைக்கு ஒரு படி மேலே வைத்தே நான் படிக்கிறேன். 'மிதம்' என்றால் எங்கள் வீட்டில் 'அதிகம்'. 2023 மே மாத வெப்பத்தின்போது பள்ளிகளில் சீருடைக்குப் பதிலாக உடற்கல்வி உடையை அணியவிட்டார்கள். கடுமையான நாட்களுக்கு மட்டும் தந்த சலுகை அது. சில பிள்ளைகளுக்கு அது ஆண்டு முழுவதும் வேண்டும். விறைப்பான காலரும் தடித்த துணியும் கேள்வி கேட்கக்கூடாத விதிகள் இல்லை. பள்ளியிடம் கேளுங்கள், எழுதிக் கேளுங்கள், தெரபிஸ்ட்டின் கடிதத்தோடு கேளுங்கள்.

ஏர்கான் எல்லாவற்றுக்கும் விடை என்று நினைத்துவிடவேண்டாம். 33 டிகிரித் தெருவிலிருந்து 22 டிகிரிக் கடைக்குள் நுழையும்போது முதுகு வியர்வை பனிக்கட்டியாகும். அந்தத் தாவலே சிலருக்குப் பேரிடி. உள்ளே நுழையுமுன் ஒரு நிமிடம் நின்று முதுகைத் துடைத்துவிடுங்கள். வீட்டில் 25க்குக் கீழே போகாமல் விசிறியோடு சேர்த்து வைத்தால், வெளியே இறங்கும்போது இடைவெளி சிறிதாக இருக்கும்.

கடைசியாக, பயந்தே தீரவேண்டிய ஒன்று. கத்தும் பிள்ளையைவிடக் கத்தல் திடீரென்று நின்ற பிள்ளையைப் பாருங்கள். தள்ளாட்டம், வாந்தி, குழப்பம், கூப்பிட்டால் திரும்பாதது, தோல் கொதிப்பது. உள்ளுடல் 40 டிகிரியைத் தாண்டினால் அது வெப்பத் தாக்கு. ஆட்டிசம் உள்ள பிள்ளை கூப்பிட்டால் திரும்பாதது வழக்கம்தானே என்று விட்டுவிடும் ஆபத்து நமக்கு மட்டும் உண்டு. 995ஐ அழையுங்கள், நிழலுக்குக் கொண்டுபோங்கள், உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளியாத பிள்ளைக்கு வாயில் எதுவும் கொடுக்காதீர்கள்.

என் மகனுக்கு இப்போது பதினான்கு வயது, வேறு பள்ளி. தண்ணீருக்குத் தாகம் வரும்வரை காத்திருப்பதில்லை. அரைமணிக்கு ஒருமுறை கைக்கடிகாரம் அதிரும், நான்கு வாய் குடிப்பான். பையில் கறுப்புக் குடை ஒன்று, ஈரத் துண்டு ஒன்று, மாற்றுச் சட்டை ஒன்று. சொல்ல நினைப்பதைக் காட்ட அவன் வைத்திருக்கும் படஅட்டைகளில் சூரியன் போட்ட அட்டை ஒன்றை அவனே சேர்த்துக்கொண்டான். அதை எடுத்துக் காட்டினால் 'இப்போது வேண்டாம்' என்று பொருள்.

போன வாரம் பழைய பள்ளி வழியாகப் போனோம். அந்த நாற்பது அடிக்கு இன்னும் கூரை வரவில்லை. கூரை முடியும் இடத்தில் நின்று, குனிந்து தன் நிழலைப் பார்த்தான். காலடியிலேயே சுருண்டு கிடந்தது. அட்டையை எடுத்துக் காட்டினான். நான் பையை இறக்கிவைத்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு ஒரு மேகம் வந்தது. அவன்தான் முதலில் எழுந்தான்.